அம்மா பெரட்டுக்கு நின்ற வாசல்

அன்று அச்சகத்தில் கரண்ட் இல்லை. பத்து மணிக்கே எங்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஊரெல்லாம் பெட்ரோலுக்கு வரிசை நின்ற காலம். பஸ்ஸை நம்பினால் மாலைதான் வீடு சேரலாம் என்று நடந்தே வந்தேன்.

எங்கள் சந்துக்குள், அந்தக் குறுகிய ஒழுங்கைக்குள், திரும்பும்போதே கேட்டுக்குள் ஒரு பெண் குனிந்து நிற்பது தெரிந்தது. இடுப்பில் உரச்சாக்கைப் பிரித்துக் கட்டியிருந்தாள். தலையில் துண்டு. கையில் கத்தி. கொழும்பு வெயில் முதுகில் நேராக விழுந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா புதிதாக வேலைக்கு ஆள் பிடித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தேன்.

சத்தம் கேட்டு அந்தப் பெண் நிமிர்ந்தாள். என் அம்மா.

"என்னம்மா செய்ற?"

"வேலி ஒழுங்கில்லாம கெடந்துச்சு. மட்டம் வெட்டுறேன்."

"யாரு வெட்டச் சொன்னா?"

"சொல்லணுமா? சும்மா குந்திக்கிட்டிருந்தா வீட்டுல இருக்க விடுவாங்களா?"

சொல்லிவிட்டு மறுபடி குனிந்துவிட்டாள். அலையலையாக இருந்த குரோட்டன் வேலி தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டியதுபோல ஒரே மட்டமாக நின்றது. மாடிப்படியின் கடைசிப் படியில், விளிம்பு உடைந்த எனாமல் கோப்பை ஒன்றில் தேத்தண்ணி ஆறிக்கிடந்தது. அது எங்கள் வீட்டுக் கோப்பை இல்லை.

ஊர் எது?

அந்த வீடு கிடைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அச்சகத்தில் எழுத்துத் திருத்தும் வேலைக்குச் சேர்ந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, பெரகல சந்தியில் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர், "கொழும்பில் எங்கே தங்கினீர்கள், அதைச் சொல்லவே இல்லையே?" என்று கேட்டிருக்கிறார். சொல்லாமல் விட்டதற்குக் காரணம் உண்டு ஐயா. வெட்கம்தான்.

முதல் இரண்டு வருஷம் விடுதிகளில் ஓடியது. ஒரு அறையில் ஆறு பேர், ஆறு பேருக்கும் ஒரு குளியலறை. தனியாக ஒரு இடம் தேட ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, வீடு கொடுப்பவர்கள் வேலையைக் கேட்பதற்கு முன்னால் ஊரைக் கேட்பார்கள் என்று.

"பதுளை" என்பேன்.

"பதுளையில எங்க?"

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம் என்று இரண்டு இடத்தில் உண்மையைச் சொன்னேன். இரண்டு இடத்திலும் வீடு முதல் நாள்தான் வேறு யாருக்கோ போயிருந்தது. மூன்றாவது இடத்தில் நான் புத்திசாலியாகிவிட்டேன். "பதுளை டவுன். ஸ்டேஷன் பக்கம்" என்றேன்.

அந்த மூன்றாவது இடம்தான் லட்சுமி அம்மாளின் வீடு. பதுளை என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர்களுக்குப் பதுளை பஜாரில் ஒரு காலத்தில் பெரிய புடவைக் கடை இருந்ததாம். கலவரத்தில் கடை எரிந்த பிறகு குடும்பத்தோடு கொழும்புக்கு வந்துவிட்டார்களாம். புருஷன் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். "நம்ம பதுளைப் புள்ள, வேற யாருக்குக் குடுப்பேன்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்ட நிம்மதியோடு நான் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தேன்.

கார் இருந்த வீடு

விளம்பரத்தில் 'புதிதாகத் திருத்திய அனெக்ஸ், அமைதியான சூழல்' என்று போட்டிருந்தது. அமைதி உண்மைதான். மத்தியானத்தில் அரலிப்பூ விழும் சத்தம்கூடக் கேட்கும்.

அனெக்ஸ் என்பது பழைய கராஜ். கார் இருந்த இடத்தைச் சுவர் வைத்து இரண்டாகத் தடுத்து, பின்னால் ஒரு கழிவறை கட்டி, தரைக்கு மாபிள் போட்டிருந்தார்கள். மாபிள் போட்டவன் தரையின் சரிவைக் கவனிக்கவில்லை. கார் கழுவிய தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று வைத்த சரிவு அப்படியே இருந்தது. வெங்காயம் ஒன்று கைதவறினால் வாசல்வரை தானே போய்விடும்.

இருந்தும் அது என் வீடு. கதவைச் சாத்தினால் உள்ளே நான் மட்டும்தான். முதல் மாதம் நான் பூட்டியும் திறந்தும் பார்த்ததில் அந்தப் பூட்டுக்கே அலுத்திருக்கும்.

அப்பா இறந்த பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். தோட்டத்தில் அவள் பென்ஷன் வயதைத் தாண்டியிருந்தாள். லயம் என்ற வரிசை வீட்டில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவை, இன்னும் மலையில் வேலை செய்கிற என் மாமன் மகள் குடும்பத்துக்கு விட்டாயிற்று. அவளுக்கு மூன்று பிள்ளைகள். அந்த ஒரு அறையில் இனி அம்மாவுக்குப் பாய் போட இடமில்லை.

ஒப்பந்தத்தில் 'ஒருவர் மட்டும் குடியிருக்கலாம்' என்று ஒரு வரி இருந்தது. ஆகவே அம்மாவைக் கேட்டுக்கு வெளியே பெட்டியோடு நிறுத்திவிட்டு, மாடிப்படியடியில் நின்று லட்சுமி அம்மாளிடம் சொன்னேன்: "அம்மா வந்திருக்காங்க ஆன்ட்டி. கொஞ்ச நாளைக்குத்தான்."

லட்சுமி அம்மாள் எட்டிப் பார்த்தார். அம்மா அங்கிருந்தே இரண்டு கையையும் கூப்பி, "கும்பிடுறேங்க முதலாளியம்மா" என்றாள். தீபாவளிச் சாமானுக்குப் பஜாருக்கு வந்த காலத்தில் கடையில் உட்கார்ந்திருந்த அம்மாளை அவள் அடையாளம் கண்டுகொண்டாள்.

அந்த ஒரு கும்பிடில் ஸ்டேஷன் பக்கத்து வீடு இடிந்து விழுந்துவிட்டது. லட்சுமி அம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே மூன்று மாதம் போய்விட்டது.

பேர் குறைந்தால்

தோட்டம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். லயத்துக் காம்பராவுக்கு வாடகை கிடையாது. வேலைதான் வாடகை. விடியற்காலை பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும். அங்கேதான் யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்புவார்கள். வேலைக்கு நின்றால் அன்றைக்குப் பேர் விழும். வீட்டில் ஒரு ஆளாவது பேர் போடுகிறவரை கூரை உண்டு. ஒருவரும் இல்லையென்றால் கேள்வி வரும்.

எங்கள் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் மாமன் மகளுக்கு வம்பு.

அப்பா மலையில் சறுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்த சமயம் எனக்கு ஏழு வயதிருக்கும். இப்போது வெளிநாட்டில் கூலி வேலையில் இருக்கும் தம்பி அப்போது பிறந்து இன்னும் தீட்டுக்கூடக் கழியவில்லை. கங்காணி வந்து வாசலில் நின்றார். கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் வேறு.

"அழகம்மா, உங்க காம்பராவுல பேரே விழல. தொரை கேக்குறாரு. நான் எத்தன நாளைக்குச் சொல்லிச் சமாளிக்கிறது?"

"நாளைக்கு வந்துர்றேன்னு சொல்லுங்கண்ணே."

மறுநாள் அம்மா போனாள். மழை பெய்துகொண்டிருந்தது. இடுப்பில் பழைய சேலையை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு போனாள். தம்பி பால் கேட்டு அழுததும், நான் சீனித் தண்ணியைத் துணியில் நனைத்து அவன் வாயில் வைத்ததும் நினைவிருக்கிறது. அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அழுதாரா என்று தெரியவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது.

அம்மா படித்த பள்ளிக்கூடம் அது. அங்கே அவள் கற்றது ஒரே பாடம்தான். வீடு கொடுத்தவன் கண்ணில் தினமும் பட வேண்டும், கை வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். இதை நான் அறியாதவள் இல்லை. ஆனால் அந்தப் பாடம் அவளோடு ரயிலேறிக் கொழும்புக்கும் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாடியில்

அன்றைக்கு அம்மாவின் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி வைத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். கோபத்தில் செருப்பைக் கழற்ற மறந்துவிட்டேன்.

லட்சுமி அம்மாள் சாய்வு நாற்காலியில் விசிறியோடு இருந்தார்.

"எங்கம்மாவ எதுக்கு ஆன்ட்டி வேலை வாங்குறீங்க?"

"நான் வாங்குறேனா?" விசிறி நின்றது. "வந்து ஒரு வாரத்துல ஆரம்பிச்சது புள்ள இது. காலையில ஆறு மணிக்கு சாமிக்குப் பூப் பறிக்க வெளிய வந்தேன். உங்கம்மா படிக்குக் கீழ நிக்கிறா. குளிச்சு, முழுகி, கையைக் கட்டிக்கிட்டு. என்ன அழகம்மான்னு கேட்டேன். 'இன்னைக்கு என்ன வேலைங்க?'ன்னா. வேலை ஒன்னும் இல்லன்னேன். போகாம நின்னா. சரி, முத்தத்தக் கூட்டுன்னேன். மறுநாளும் நின்னா. அதுக்கு மறுநாளும்."

"நீங்க போகச் சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கணும்தான்." விசிறியை மடியில் வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் வயசாச்சு. தேங்கா துருவ, படி துடைக்க ஆளு வேணும். தானா வந்து நின்னவள எதுக்குத் துரத்தணும்னு விட்டுட்டேன். பொய் சொல்லல புள்ள."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுத்த அந்த உடைந்த கோப்பையைப் பற்றிக் கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நீ டவுன் புள்ளன்னு சொன்னியே, அதையும் நான் கேக்கல."

முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. மாடிப்படி இறங்கி வரும்போது என் செருப்புச் சத்தம் எனக்கே அருவருப்பாக இருந்தது.

இரண்டாவது கேள்வி

அம்மா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அலுமாரியைத் திறந்து ஒப்பந்தத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இங்க பாரு. இது தோட்டம் இல்ல. மாசா மாசம் நான் வாடகை குடுக்கிறேன். அதுக்குக் காகிதம் இருக்கு. நீ வேலை செஞ்சாலும் செய்யாட்டியும் நம்மள எழுப்ப முடியாது. இனி நீ அந்தப் படிக்கட்டுல போய் நின்னா நான் இந்த வீட்ட விட்டுட்டுப் போயிருவேன், ஆமா."

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. முத்திரையை மட்டும் விரலால் தடவினாள்.

"இதுல என் பேரு இருக்கா?"

நான் காகிதத்தை மடிக்கப் போனேன்.

"இருக்கான்னு கேக்குறேன்."

"இல்ல."

"நீதானே சொன்ன, கொஞ்ச நாளைக்குத்தான்னு. நான் கேட்டுக்கு வெளிய கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன்." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அந்தக் கொஞ்ச நாள் முடிஞ்சா நான் எங்க போறது, சொல்லு. அங்க பாய் போட எடம் இல்ல. இங்க பேரு இல்ல. உனக்குக் காகிதம் இருக்கு. எனக்குக் கையிருக்கு, வேலை செஞ்சேன். அதையும் செய்யாதங்குற."

கீரையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள்.

வாசகர்களே, எத்தனையோ பேருடைய எழுத்துப் பிழைகளைத் திருத்திச் சம்பளம் வாங்கியவள் நான். என் வீட்டுக் காகிதத்தில் ஒரு பெயர் விடுபட்டுக் கிடந்ததை எழுதப் படிக்கத் தெரியாதவள் கண்டுபிடித்தாள்.

விடுபட்டது மறதியால் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் பெயரைச் சேர்ப்பதென்றால் அவளுடைய அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அதில் தோட்டத்தின் பெயர் இருக்கும், டிவிஷன் இருக்கும். அதை லட்சுமி அம்மாளின் மேசையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவுதான் விஷயம். என் மானத்தைக் காப்பாற்ற, என் தாயை வாடகை வீட்டில் கூலியாளாக நிறுத்தி வைத்திருந்தேன்.

அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

லட்சுமி அம்மாள் இறங்கி வந்தார்

மறுநாள் அச்சகத்துக்குப் போகும் வழியில் மாடிக்குப் போய், அம்மாவின் பெயரைச் சேர்த்துப் புது ஒப்பந்தம் எழுத வேண்டும் என்று கேட்டேன். அடையாள அட்டையையும் மேசையில் வைத்தேன். லட்சுமி அம்மாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அம்மா அன்றும் படியடியில் நின்றாள். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன யோக்கியதை?

சனிக்கிழமை பின்னேரம் லட்சுமி அம்மாள் தானாகவே கீழே வந்தார். நான் குடிவந்த பிறகு அவர் எங்கள் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. இருந்த ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். அம்மா எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள்.

"நான் சொல்றத நீ தப்பா எடுக்கக் கூடாது புள்ள" என்று ஆரம்பித்தார். "காகிதத்துல என்ன இருக்கு? பதுளைக் கடைக்கு உறுதிப் பத்திரம் எங்க பேருலதான் இருந்துச்சு. முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நெருப்பு வந்தப்ப அத யாரு வாசிச்சா? உடுத்த துணியோட ஓடி வந்தோம்."

அவர் கண் கலங்கியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் புகை அவருக்குள் இருந்தது. அவரை வெறுத்துக்கொண்டிருந்த என்னால் அந்த நிமிஷம் வெறுக்க முடியவில்லை.

"எங்களுக்கு எரியறதுக்குக்கூட ஒரு உறுதி இருந்ததில்ல ஆன்ட்டி" என்றேன்.

அவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தார். பழைய கராஜின் சுவர், அடுப்பு, அம்மாவின் தகரப் பெட்டி எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"சரி, பேரைப் போட்டுடலாம். காகிதம் எழுதுற நொத்தாரிசுகிட்ட நானே சொல்றேன். ஆனா அழகம்மா, காலையில வழக்கம்போல வந்துட்டுப் போயிரு. உன் கை பட்டாத்தான் முத்தம் முத்தமா இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். முதலாளியம்மா முன்னால் அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"பேரு போடலன்னா வர்றேங்க. தெனமும் வர்றேன், கூட்டுறேன், வேலி வெட்டுறேன். பேரு போட்டுட்டா வேலைக்கு வரமாட்டேங்க. நாப்பது வருசம் கூலிக்கும் கூரைக்கும் சேத்து நின்னாச்சு. இனி முடியாதுங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பேச்சுத்தொணைக்குன்னா கூப்புடுங்க. வந்து ஒக்காந்துட்டுப் போறேன்" என்றாள்.

இருந்ததும் போயிற்று என்றே நினைத்தேன். லட்சுமி அம்மாள் நெடுநேரம் தன் வளையலையே உருட்டிக்கொண்டிருந்தார்.

"உன் மகளவிட நீ வெவரமானவ" என்றார் கடைசியில். சிரிக்கவில்லை. எழுந்து படியேறிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் நொத்தாரிசு வீட்டு முன்னறையில் கையெழுத்தானது. 'குடியிருப்போர்' என்ற இடத்தில் இரண்டு பெயர்கள். அம்மா பெருவிரல் வைத்தாள். மை காய்கிறவரை அந்தக் கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ நாளைக்கு ஒருத்தனக் கட்டிக்கிட்டுப் போயிட்டாலும் நான் இருக்கலாமா?"

"ரெண்டு பேருல யாரு இருந்தாலும் இருக்கலாம். வாடகைய நான் குடுப்பேன்."

"ம்" என்றாள்.

மறுநாள் காலை

நான் விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் ஏறியிருந்தது. மணி ஏழரை. மேலே லட்சுமி அம்மாளின் பூசை மணி அடித்து ஓய்ந்துவிட்டது. அம்மா படுத்திருந்தாள்.

காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டேன். சூடில்லை. மனம் கேட்காமல் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. வலது புருவத்துக்கு மேலே ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அது எப்போது பட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவள் நான். என் அம்மா தூங்கும் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். எங்கள் லயத்தில் எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை.

அசைவு தெரிந்து கண்ணைத் திறந்தாள்.

"என்னடி? நேரமாயிருச்சா?"

"இல்லம்மா. தூங்கு."

எழுந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். வாசலை ஒரு தரம் பார்த்தாள். பிறகு போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கிப்போனாள்.